முசிறியை எழுத்துக்கூட்டிப் படித்த வாரம்

மே 18, ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்று யாரோ எப்போதோ சொன்னது, ஹைடல்பெர்க்கில் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மதியம் இரண்டு மணி. பையில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு மட்டும் இருந்தது. எனக்கு அறை கிடைத்திருப்பது நெக்கர் ஆற்றின் வடகரையில், நாயன்ஹைம் பகுதியில். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். இங்கே சாப்பிட என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "ரயில் நிலையத்தில் ஒரு கடை உண்டு, ஆனால் தூரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், கறுப்பு ரொட்டி நாலு துண்டு, சீஸ், ருபார்ப் போட்ட கேக் ஒரு துண்டு என்று ஒரு தட்டோடு திரும்பி வந்தார். ருபார்ப் என்பது பார்க்கச் சிவப்புக் கீரைத்தண்டு மாதிரி இருக்கும், நல்ல புளிப்பு. சர்க்கரை போட்டு வேகவைத்தால் நம் ஊர்ப் புளிச்சக்கீரையும் நெல்லிக்காயும் சேர்ந்த மாதிரி ஒரு சுவை வருகிறது. முறுக்கில் பாதியைக் கொடுத்தேன். ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பேரனுக்கென்று டப்பாவில் மூடி வைத்தார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து நம் கடற்கரைக்கு வந்துபோன கிரேக்க வணிகர் ஒருவர், எந்தத் துறைமுகத்தில் என்ன வாங்கலாம், என்ன விற்கலாம் என்று எழுதி வைத்தார். அவர் பெயர் தெரியாது. நூலை நாம் பெரிப்ளூஸ் என்கிறோம். பழைய சேரநாட்டுத் துறைமுகமான முசிறி, நெல்கிண்டா, கொமரி, பாண்டியன் நாடு எல்லாம் அதில் வருகிறது. அந்த நூல் இன்று நம் கையில் இருப்பதற்கு ஒரே ஒரு பழைய சுவடிதான் காரணம். பின்னால் எடுத்த ஒரு பிரதி லண்டனில் இருக்கிறது, ஆனால் மூலச் சுவடி இந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில், பலட்டினுஸ் கிரேக்கச் சுவடி 398 என்ற எண்ணில் இருக்கிறது. கான்ஸ்டான்டினோப்பிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தோலில் எழுதியது.

பத்து வருடமாக மேடையில் பெரிப்ளூஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், எல்லாம் மொழிபெயர்ப்பை வைத்துத்தான். இரண்டு வருடம் இணையத்தில் கிரேக்கம் படித்தேன். அச்சில் இருந்தால் அகராதியோடு தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன். சுவடிப் படத்தைத் திறந்தால் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அதனால்தான், கையெழுத்துக் கிரேக்கம் படிக்கச் சொல்லித்தரும் ஐந்து நாள் வகுப்பு ஒன்று இங்கே நடக்கிறது என்று தெரிந்ததும் சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மே 19, திங்கள்

எட்டுப் பேர் கொண்ட வகுப்பு. ஆசிரியை ஐம்பதுகளில் இருப்பவர், மெதுவான ஆங்கிலம். முதல் வார்த்தையே, "அசல் சுவடியை நாம் பார்க்கப்போவதில்லை" என்பதுதான். எல்லாப் பக்கமும் துல்லியமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டாயிற்று, அதன் பிறகு தோலை வெளியே எடுத்துப் புரட்டினால் அதற்குத்தான் சேதம் என்றார். நியாயம்தான். ஆனாலும் அதைக் கேட்ட நொடியில் தொண்டை அடைத்தது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன், வீட்டிலிருந்தே பார்த்த அதே படத்தைப் பார்க்க.

பதினோரு மணிக்குள் அந்த வருத்தம் போய்விட்டது, வருத்தப்பட நேரமில்லை.

கிரேக்கத்தில் முதலில் எல்லாமே பெரிய எழுத்துகள்தான், தனித்தனியாக, கல்வெட்டில் இருப்பதுபோல. ஒன்பதாம் நூற்றாண்டில் சின்ன எழுத்து நூல்களுக்குள் வந்தது. வேகமாக எழுதலாம், தோலில் இடமும் மிச்சம். தேதி போட்ட சின்ன எழுத்துச் சுவடிகளில் மிகப் பழையது 835ஆம் ஆண்டின் நற்செய்தி நூல் ஒன்று, ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சின்ன எழுத்தில்தான் எங்களுக்குப் பாடம்.

எங்கே இடறுகிறது என்று சொல்கிறேன். இந்தக் கையெழுத்தில் பீட்டா, அச்சில் இருக்கும் இரட்டை வயிற்றோடு இருக்காது, ஆங்கிலச் சின்ன 'யு' மாதிரி இருக்கும். கப்பாவும் 'யு' மாதிரி. மியூவும் கிட்டத்தட்ட அப்படியே. நியூ, மியூவின் தம்பி மாதிரி. ஈட்டா ஆங்கில 'எச்' மாதிரி. ஆசிரியை பலகையில் மூன்று 'யு' வரைந்து, இடது காலை மட்டும் பாருங்கள் என்றார். கால் மேலே எழும்பினால் கப்பா. கீழே இறங்கினால் மியூ. இரண்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பீட்டா. அவ்வளவுதான், ஆனால் அந்தக் கால் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, எழுதியவர் அவசரத்தில் இருந்தால் அதுவும் இருக்காது.

இன்னொரு விதி போட்டார்: யூகிக்கக் கூடாது. "வார்த்தையைச் சொல்லாதீர்கள், எழுத்தைச் சொல்லுங்கள்." நான் மூன்று எழுத்தைப் பார்த்ததும் வார்த்தையைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். நாலு முறை சொன்னேன், நாலு முறையும் தவறு.

மூன்று மணி நேரத்தில் நாலு வரி படித்தோம்.

சொற்களுக்கு நடுவே சீரான இடைவெளியும் கிடையாது. அங்கே எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, ஏனென்றால் முன்பு ஒரு பயிலரங்கில் ஓலைச்சுவடி படிக்கக் கற்றிருக்கிறேன். ஓலையில் புள்ளி இருக்காது, 'க'வா 'க்'கா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும், 'ர'வும் காலும் ஒரே மாதிரி, எகர ஏகாரம் பிரிக்க முடியாது, வரி முழுக்க ஒரே ஓட்டம். இடைவேளையில் ஆசிரியைக்கு இதைச் சொன்னேன். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்றபோது கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் அதை வரைந்து காட்டச் சொன்னார்.

மதியம் ஒரு பிரெட்சல் 1.20 யூரோ, காபி 3.60. காபி விலையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்ததை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மே 20, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடையைப் பேருந்தில் விட்டுவிட்டேன். பிஸ்மார்க் சதுக்கத்தில் இறங்கி நாலடி நடந்ததும் ஞாபகம் வந்து திரும்பினால் பேருந்து போய்விட்டது. நனைந்துகொண்டே வகுப்புக்குப் போனேன். கூடப் படிக்கும் தெசலோனிக்கிக்காரர், ஓய்வுபெற்ற மருந்தாளுநர், அறுபத்தைந்து வயதுப் பெண்மணி, தன் கழுத்துத் துணியை எடுத்து என் தலையில் போட்டுத் துவட்டவே ஆரம்பித்துவிட்டார். "பெதி மூ, பெதி மூ" என்று வேறு. என் பிள்ளையே என்று அர்த்தம். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

இன்று கூட்டெழுத்தும் சுருக்கெழுத்தும். ஓமிக்ரான் மேல் இப்சிலானை உட்காரவைத்து, தலையில் கொம்பு முளைத்த மாதிரி எழுதினால் அது 'ஊ'. 'மற்றும்' என்று பொருள் தரும் 'காய்' என்ற சொல்லுக்கு, வாலை இழுத்துவிட்ட பாம்பு மாதிரி ஒரே கிறுக்கல். கடவுள், ஆண்டவர், இயேசு போன்ற புனிதப் பெயர்களை முதலும் கடைசியுமான எழுத்துகளை மட்டும் எழுதி மேலே கோடு போட்டுவிடுவார்கள். அது தோலை மிச்சம் பிடிக்க அல்ல, மரியாதை. மனிதன், வானம், தந்தை என்று சாதாரணச் சொற்களுக்கும் பிறகு அந்தக் கோடு பரவிவிட்டது.

மருந்தாளுநர் அம்மாவோடுதான் மதியச் சாப்பாடு, துருக்கிக் கடையில் டோனர் 7.50 யூரோ, ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம், சாப்பிட்டோம். அவரிடம் கேட்டேன், கிரேக்கர்களுக்கு இது சுலபமாக இருக்குமே என்று. இல்லை என்றார். அவருடைய தாத்தா கிராமத்துக் கோயிலில் பாடகர், வீட்டில் ஒரு கையெழுத்துப் பாட்டுப் புத்தகம் இருந்ததாம், யாராலும் படிக்க முடியாமல் அப்படியே இருந்து, வீடு மாறும்போது காணாமல் போய்விட்டது. அதனால்தான் வந்தேன் என்றார். அந்தப் புத்தகம் இனி கிடைக்காது, அது அவருக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, "நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார். "இமீஸ்." எழுதினேன். 'நாங்கள்' என்று எழுதியிருந்தேன். "நான் சொன்னது 'நீங்கள்'" என்றார். பழைய கிரேக்கத்தில் அவை வேறு வேறு ஒலி, ஒன்று ஈட்டாவில் தொடங்கும், மற்றது இப்சிலானில். காலப்போக்கில் ஈட்டா, இயோட்டா, இப்சிலான், கூடவே இரண்டு கூட்டுயிர்கள், எல்லாம் 'ஈ' என்ற ஒரே ஒலியாகிவிட்டன. எழுதுபவர் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே எழுதும்போது காது ஏமாற்றிவிடும். 'நாங்கள்' 'நீங்கள்' ஆகிவிடும். நம் ஊரில் ல, ள, ழ படும் பாட்டை அவருக்குச் சொன்னேன். 'வலி', 'வளி', 'வழி' மூன்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன.

மே 21, புதன்

தோல் எப்படித் தயாராகிறது, எப்படி மடிப்பது, எப்படிக் கோடு போடுவது என்று காலை போனது. ஆசிரியை புதிதாகப் பதம் செய்த ஆட்டுத்தோல் ஒன்றைக் கையில் கொடுத்தார். முடி இருந்த பக்கம் கொஞ்சம் மஞ்சள், துளைகள் தெரியும், விரலுக்குச் சொரசொரப்பு. உள்பக்கம் வெளுப்பு, வழவழப்பு. நாலு தாளை ஒன்றாக மடித்தால் எட்டு ஏடு. முடிப் பக்கத்துக்கு எதிரே முடிப் பக்கமே வரும்படி மடிப்பார்கள், அதனால் புத்தகத்தை எங்கே விரித்தாலும் இரண்டு பக்கமும் ஒரே நிறம். எங்கேயாவது மஞ்சளும் வெள்ளையும் எதிரெதிரே வந்தால், நடுவில் ஏடு போயிருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். கோடும் மையால் போடுவதில்லை, கூர்முனையால் அழுத்திப் பள்ளம் ஏற்படுத்துவது. எழுத்து அந்தக் கோட்டின் மேல் உட்காராமல் கீழே தொங்கும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் வருகிறது. நம் எழுத்தும் அப்படிக் கோட்டில் தொங்குவதாகத்தான் எனக்கு எப்போதும் தோன்றும்.

மதியத்துக்கு மேல் வெயில். பழைய ஊரின் நடுவில் இருக்கும் தூய ஆவி ஆலயத்துக்குப் போனேன். உள்ளே நுழைவது இலவசம். செந்நிறக் கல், உயரமான தூண்கள், பக்கவாட்டில் மேலே மாடங்கள். அந்த மாடங்களில்தான் ஒரு காலத்தில், இந்த ஊரை ஆண்ட இளவரசர்களின் பலட்டினா நூலகம் இருந்தது. 1622இல் கத்தோலிக்கப் படை ஊரைப் பிடித்தது. பவேரியாவின் ஆட்சியாளர் மாக்சிமிலியன் நூலகம் முழுவதையும் போப்பாண்டவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துப்போக ரோமிலிருந்து வந்தவர் லியோ அலாட்டியுஸ், கியோஸ் தீவில் பிறந்த கிரேக்கர். சுமை குறையட்டும் என்று பல நூல்களின் கெட்டி அட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, 1623இல் பெட்டி பெட்டியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் கொண்டுபோனார்கள், மலைப்பாதையில் கோவேறு கழுதைகள் மேல்.

முசிறியும் அந்தச் சுமையில் ஒன்று.

பிறகு 1797இல் நெப்போலியனுக்கு ரோம் கொடுக்க வேண்டிவந்த சுவடிகளில் ஒன்றாக அது பாரிஸுக்குப் போனது. அவர் வீழ்ந்ததும், பாரிஸில் இருந்த பலட்டினா சுவடிகள் நாற்பதுக்குள் ஒரு தொகுதி, 1816 வாக்கில் ரோமுக்குத் திரும்பாமல் நேராக ஹைடல்பெர்க்குக்கே வந்து சேர்ந்தது. மற்ற கிரேக்கச் சுவடிகளில் பெரும்பாலானவை இன்றும் வாத்திகனில்தான். மாடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்கன் வாசிப்பவர் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தார். கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து இங்கே, இங்கிருந்து ரோம், பாரிஸ், மறுபடி இங்கே. ஒரு மழைநாளில் ஒரு பெட்டி ஆற்றில் விழுந்திருந்தால்? அந்த எண்ணம் அறைக்கு வந்த பிறகும் போகவில்லை.

மே 22, வியாழன்

இன்று.

ஆசிரியை ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட பக்கத்தை, பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். எனக்கு வந்தது நம் மேற்குக் கடற்கரை வரும் பக்கம். நெருக்கமான, சின்ன, நிமிர்ந்த கையெழுத்து. மை பழுப்பு. யூகிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, நானோ அந்தப் பகுதியை மொழிபெயர்ப்பில் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அதனால் பென்சிலும் அட்டைத் துண்டும் எடுத்துக்கொண்டு, ஓர் எழுத்து மட்டும் தெரியும்படி மறைத்து, அட்டையை நகர்த்தி நகர்த்திப் படித்தேன். கிரேக்கச் சுவடியில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் இல்லை. வினைச்சொல் எப்படியோ ஊரும் அப்படியே.

மியூ, கால் கீழே இறங்குகிறது. ஓமிக்ரான். இப்சிலான். அப்புறம் ஒரு ஜீட்டா. கிரேக்கத்தில் அடிக்கடி வராத எழுத்து, அதனால் என் கண் அதில் போய் நின்றுவிட்டது. இயோட்டா. ரோ. இயோட்டா. சிக்மா.

மூசிரிஸ்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசை ஜார்ஜிய மாணவர் நிமிர்ந்து பார்த்தார். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அச்சில் நூறு முறை பார்த்த பெயர்தான். ஆனால் இது, முசிறி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒருவர், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால், தனக்கு முன்னால் இருந்த ஏட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதியது. அவருக்கு அது வெறும் ஒலி. அதற்காக ஓர் எழுத்தைக்கூட அவர் விடவில்லை.

கொஞ்சம் தள்ளிப்போனால், முசிறி வடக்கிலிருந்து வரும் கப்பல்களாலும் கிரேக்கக் கப்பல்களாலும் செழித்திருக்கிறது, ஒரு ஆற்றின் கரையில் இருக்கிறது என்று வருகிறது. அகநானூற்றில் யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்ற 149ஆம் பாட்டும் அதே ஊரைத்தான், அதே ஆற்றைத்தான் சொல்கிறது. வகுப்பில் அந்த வரியைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கறி என்றால் மிளகு என்று சொன்னதும், மருந்தாளுநர் அம்மா தன் தாளில் இன்னும் கீழே தேடிப்போய் 'பெப்பெரி' என்ற சொல்லைக் கண்டுபிடித்து விரலை வைத்துக் காட்டினார்.

ராத்திரி தூங்கவில்லை.

மே 23, வெள்ளி

ஒரு விஷயத்தை இங்கே நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பல மேடைகளில் இதை வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன்.

முசிறி இருக்கும் நாட்டைப் பெரிப்ளூஸ் 'லிமிரிகே' என்கிறது. பொய்டிங்கர் வரைபடம் என்ற பழைய ரோமானிய வழித்தட வரைபடத்தில் 'தமிரிகே' என்று இருக்கிறது. தமிரிகே என்றால் தமிழகம்தான், பெரிப்ளூஸிலும் அதுதான் இருந்திருக்கும், பிரதி எடுத்தவர் டெல்டாவை லாம்டாவாக எழுதிவிட்டார் என்று சில அறிஞர்கள் சொன்னார்கள். நானும் அதை முடிந்த முடிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கிரேக்கர்களே தமிழகம் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றதும் கைதட்டல் வரும்.

அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். லாம்டா. சந்தேகமே இல்லாத லாம்டா. இந்தச் சின்ன எழுத்தில் டெல்டாவுக்கு வளைந்த தலையும் மூடிய வயிறும் உண்டு, லாம்டாவுக்கு இரண்டு கால்கள்தான், ஒன்றை மற்றொன்றாகப் பார்க்க வழியில்லை. ஆசிரியையிடம் கேட்டேன். அவர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார், பெரிய எழுத்து டெல்டா. விரலால் அடிக்கோட்டை அழித்தார். லாம்டா நின்றது. "தவறு நடந்திருந்தால், எல்லாம் பெரிய எழுத்தில் இருந்த காலத்தில், இந்தச் சுவடிக்குப் பல நூறு வருடம் முன்னால் நடந்திருக்க வேண்டும்" என்றார். சரி என்று நான் மகிழ்வதற்குள், "ஆனால் பழைய புவியியல் அறிஞர் தாலமியின் நூலிலும் லாம்டாதான் இருக்கிறது. இரண்டு நூலிலும் அதே இடத்தில் அதே கோடு அழிந்ததா என்று நீங்கள் யோசிக்க வேண்டும்" என்றார்.

யோசித்தேன், நாள் முழுக்க. தமிரிகே என்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, கடற்கரையும் ஊர்களும் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் அடுத்த கூட்டத்தில் லாம்டாவைப் பற்றியும் சொல்லுவேன், பலகையில் முக்கோணம் போட்டு அடிக்கோட்டை அழித்துக் காட்டுவேன், முடிவைக் கேட்பவர்களிடமே விட்டுவிடுவேன்.

சாயங்காலம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சாப்பிடப் போனோம். இது வெள்ளை அஸ்பாரகஸ் பருவம், பக்கத்து ஊரான ஷ்வெட்சிங்கன் அதற்குப் பெயர் போனது, எந்த உணவகத்தைப் பார்த்தாலும் வாசல் பலகையில் அதுதான். மண்ணைக் குவித்து மூடி, வெயில் படாமல் வளர்ப்பதால் வெள்ளையாக இருக்கும் தண்டு. வேகவைத்து, வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த மஞ்சள் சாஸ் ஊற்றி, உருளைக்கிழங்கோடு தருகிறார்கள். 19 யூரோ. லேசான கசப்பு, நுனி வெண்ணெய் மாதிரி கரைகிறது. உப்பு போதவில்லை, மிளகு கேட்டேன். மிளகை அரைக்கும் மரக்குடுவை வந்தபோது மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்து "பெப்பெரி!" என்றார்கள்.

பணம் கொடுக்கும்போது, அட்டை வாங்கமாட்டோம், ரொக்கம்தான் என்றார்கள். என்னிடம் எட்டு யூரோதான் இருந்தது. ஜார்ஜிய மாணவர் ஒன்றும் கேட்காமல் என் பங்கையும் சேர்த்து வைத்துவிட்டார். ஆற்றைத் தாண்டிப் பணம் எடுத்துவந்து அவர் விடுதியில் கொடுக்கப் போனால், வாங்க மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 24, சனி

காலையில் நூலகக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றேன். செந்நிறக் கல்லில், 1905இல் கட்டி முடித்தது, வாசலில் இரண்டு பக்கமும் சிற்பங்கள். உள்ளே எங்கேயோ ஓர் அறையில், இருட்டில், அது இருக்கிறது. கதவைத் தொட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கார அம்மா முறுக்கு டப்பாவில் ருபார்ப் கேக்கை அடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். நடைமேடையில் குளிர்காற்று. கிளம்பும்போது ஆசிரியை எனக்கென்று தனியாக ஒரு தாள் கொடுத்திருந்தார், வகுப்பில் படிக்காத பக்கம், நம் கிழக்குக் கடற்கரை. பெட்டி மேல் விரித்து வைத்து, பயணச்சீட்டையே அட்டைத் துண்டாக வைத்து நகர்த்தினேன். இரண்டு வரி ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவது வரியில் 'துறைமுகங்கள்' என்ற சொல் வந்தது. அடுத்தது ஒரு 'யு'. இடது காலைப் பார்த்தேன். மேலே எழுகிறது. கப்பா. ஆல்ஃபா. மியூ. ஆல்ஃபா. ரோ. ஆல்ஃபா. கமரா, காவிரி கடலில் சேரும் இடமாக இருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் ஒரு 'காய்', அப்புறம் ஒரு பை. ரயில் வந்து நிற்பதற்குள், புதுச்சேரிப் பக்கம் என்று சொல்கிற பொதூகே வரை வந்துவிட்டேன்.